முப்பத்து நான்கு அடி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய தோட்டத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில், பாறையைக் குடைந்தோ இரும்பு கர்டர் போட்டோ ஒரு மேடை. அதன் மேல் மோட்டார். சில கிணறுகளில் அதற்கும் கீழே இன்னொரு மேடை. மழைக்காலத்தில் ஊற்று பெருகித் தண்ணீர் ஏறினால் மோட்டார் மூழ்கிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கயிறு கட்டி மேலே தூக்கியாக வேண்டும். தூக்கத் தவறினால் காயில் எரிந்து, வைண்டிங் கட்டும் செலவு வந்து சேரும். இவ்வளவு தொல்லை இருப்பது தெரிந்தும் மோட்டாரை எதற்காகக் கிணற்றுக்குள் இறக்கினார்கள்? கரையில், ஒரு கொட்டகைக்குள் பத்திரமாக வைத்துவிட்டுக் குழாயை மட்டும் நீளமாக உள்ளே விட்டிருக்கலாமே?

விட்டால் தண்ணீர் வராது. கரைக்கும் தண்ணீர்மட்டத்துக்கும் நடுவே 34 அடிக்கு மேல் இருந்தால், கரையில் வைத்த மோட்டார் 5 குதிரைத்திறனானாலும் 50 ஆனாலும் ஒரு சொட்டும் ஏறாது. மோட்டாரின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரை மேலிருந்து எந்த மோட்டாரும் இழுப்பதில்லை. கீழிருந்து ஏதோ ஒன்று தள்ளித்தான் அது மேலே வருகிறது. வீட்டுத் தண்ணீர் விஷயமாக நாம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, அடி பம்பில் ஏன் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம், மாடிக் குழாயில் ஏன் ஃபோர்ஸ் இல்லை, எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வரும்.

இளநீர்க் கடையில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது வாய்தான் இளநீரை இழுப்பதாகத் தோன்றும். வாய் செய்வது அதுவல்ல. ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் எடுத்துவிடுகிறது, அவ்வளவே. காய்க்குள் இருக்கும் இளநீரின் மேல் வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ராவுக்குள் எதிர்த்து அழுத்தும் காற்று குறைந்ததும், அந்த வெளி அழுத்தம் இளநீரை மேலே தள்ளுகிறது. காயில் போட்ட துளை ஸ்ட்ராவை இறுகப் பிடித்துக்கொண்டு, காற்று உள்ளே போக இடுக்கே இல்லாமல் இருந்தால், இரண்டு மடக்குக்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் வராது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மறுபடி வரும்.

இந்தக் காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும்? கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 1.03 கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாயில் 1.03 கிலோ தண்ணீரை நிரப்பினால் அது 10.3 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். அடிக் கணக்கில் 34. அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் எடையும் வெளியே அழுத்தும் காற்றின் எடையும் சரிக்குச் சரி. அதற்கு மேல் தள்ளக் காற்றிடம் பலமில்லை. மேலே இருக்கும் மோட்டார் குழாயிலிருந்து காற்று முழுவதையும் உருவி எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்; அதற்குப் பிறகு உருவ என்ன இருக்கிறது? பெரிய குழாய் போட்டாலும் பயனில்லை. தண்ணீரின் எடை கூடும்; காற்று தள்ளும் பரப்பும் அதே அளவு கூடும்; உயரம் அப்படியே நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. கட்டட வேலையில் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வைத்திருப்பார்கள். அதில் சுவர் தடித்த ரகமாக 45 அடி வேண்டும். குமிழி இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மடக்கி இறுகக் கட்டி, மறுமுனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட வேண்டும். பிறகு நாலாவது மாடியிலிருந்து கயிறு போட்டு, கட்டிய முனையை மெல்லத் தூக்க வேண்டும். 10 அடி, 20 அடி, 30 அடி வரை ஒரு மாற்றமும் தெரியாது. டியூப் நிறையத் தண்ணீர் இருக்கும். 33 அடியை நெருங்கும்போது உச்சியில் தண்ணீர் டியூபின் முனையை விட்டுப் பிரியும். இன்னும் தூக்கினால் டியூப்தான் மேலே போகும். தண்ணீர்மட்டம் நின்ற உயரத்திலேயே நின்றுகொள்ளும். அந்த மட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் டியூப் சில்லென்றுதான் இருக்கும். முதலில் வெளிவருவது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கூடவே தண்ணீரும் சாதாரண வெப்பத்திலேயே கொதிக்கிறது. மேலே அழுத்துவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கொதிப்பதற்கு 100 டிகிரி தேவைப்படாது. பள்ளிக்கூடங்களில் பாதரசக் குழாயைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார்கள். அதற்குப் பதில் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து காட்டினால், பிள்ளைகளுக்குக் காற்றின் எடை ஆயுளுக்கும் மறக்காது என்று உறுதியாக நம்புகிறேன். பாதரசம் நஞ்சு, இதில் இருப்பது வாளித் தண்ணீர்.

இத்தாலியில் பம்பு செய்பவர்களுக்கு இந்த எல்லை 400 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கத்தில் தெரிந்திருந்தது. காரணம்தான் தெரியவில்லை. 1630-இல் ஜெனோவாவைச் சேர்ந்த பாலியானி, கலிலியோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குன்று ஒன்றைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோக, 20 மீட்டர் போல ஏறி இறங்கும் குழாய் போட்டிருந்தார்கள். அது வேலை செய்யவில்லை, ஏன் என்பது கேள்வி. 1638-இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ ஒரு பம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். தண்ணீர் ஆழத்துக்குப் போனதும் அது நின்றுபோயிற்று. பழுது பார்க்க வந்த தொழிலாளி, பம்பில் கோளாறு எதுவும் இல்லை, 18 முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது என்று சொல்லிவிட்டான். கலிலியோவின் விளக்கம் இது: நீண்ட கயிறு தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் அறுவதுபோலத் தண்ணீரும் குழாய்க்குள் அறுந்துவிடுகிறது. பாலியானியோ, காற்றுக்கு எடை உண்டு, அதுதான் காரணம் என்று எண்ணினார். பம்பைப் பொறுத்தவரை பாலியானி சொன்னதே சரி. கலிலியோவின் கயிற்றுக்கும் இயற்கையில் ஓர் இடம் இருக்கிறது. மரங்களிடம் வரும்போது அதைப் பார்க்கலாம்.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விஷயம் தெளிவாகிவிட்டது. ரோமில் காஸ்பரோ பெர்ட்டி தன் வீட்டுச் சுவரையொட்டி 10 மீட்டரைத் தாண்டும் ஈயக் குழாயை நிறுத்தித் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். டாரிசெல்லி, இவ்வளவு உயரமான குழாயோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமான பாதரசத்துக்கு மாறினார். 1644-இல் அவர் எழுதிய கடிதத்தில் அந்தச் சோதனை இருக்கிறது. பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது, அதை 13.6-ஆல் பெருக்கினால் நம் 10.3 மீட்டர். கடைசிச் சந்தேகத்தைத் தீர்த்தவர் பிரான்ஸின் பாஸ்கல். காற்றின் எடைதான் காரணம் என்றால், மலைமேல் காற்று குறைவாக இருப்பதால் பாதரசமும் இறங்க வேண்டும். 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்காள் கணவர் பெரியே, புய் த தோம் மலைமேல் குழாயைக் கொண்டு போய்ப் பார்த்தார். பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

அப்படியானால் ஊட்டியில்? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும். அங்கே 34 அடி என்பது 26 அடியாகச் சுருங்கிவிடும். சென்னையில் சரியாக வேலை செய்த மோட்டாரை அதே ஆழமுள்ள ஊட்டிக் கிணற்றில் வைத்தால் தண்ணீர் எடுக்காமல் போகலாம். மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்கு 34 அடி சொல்கிறது. மெக்கானிக் 25 அடிக்கு மேல் வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். 34 அடி என்பது தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஓட வேண்டுமென்றால் குழாய்ச் சுவரின் உராய்வு, ஃபுட் வால்வு, எல்போ எல்லாம் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் நடுவில் நுழையும் இடத்தில் அழுத்தம் இன்னும் குறையும். அங்கே அது மிகவும் தாழ்ந்துவிட்டால், டியூபின் உச்சியில் பார்த்தோமே, அதே கொதிப்பு இங்கேயும் நடக்கும். குமிழிகள் உண்டாகி, அடுத்த கணமே அழுத்தம் கூடிய பகுதிக்குப் போய் நசுங்கி வெடிக்கும். மோட்டாருக்குள் ஜல்லியைப் போட்டுச் சுற்றினாற்போல் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு விடாமல் ஓட்டினால் இம்பெல்லரில் குழி குழியாக விழுந்துவிடும். இரும்பையும் வெண்கலத்தையும் அரிக்கும் அளவு வேகம் அந்தக் குமிழிகளின் வெடிப்பில் இருக்கிறது. தண்ணீர் சூடாக இருந்தால் தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். 80 டிகிரியில் தண்ணீரின் ஆவியே காற்றழுத்தத்தில் பாதி அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். கொதிக்கும் தண்ணீரைக் கீழிருந்து மேலே எடுக்கவே முடியாது. அதனால்தான் ஆலைகளில் பாய்லருக்குத் தண்ணீர் தரும் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைக்கிறார்கள்.

இனி, பலரையும் பாடாய்ப் படுத்தும் விஷயத்துக்கு வருவோம். மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மெக்கானிக் வந்து மேலே ஒரு போல்ட்டைக் கழற்றி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, "ஏர் எடுத்துவிட்டேன், போடுங்கள்" என்கிறார். வருகிறது. குடத்துத் தண்ணீர் என்ன செய்தது?

மோனோபிளாக் மோட்டாரில் இம்பெல்லர் சுழன்று, உள்ளே இருப்பதை ஓரத்துக்கு வீசி அழுத்தம் உண்டாக்குகிறது. இந்த அழுத்தத்தை உயரமாகச் சொல்வது வழக்கம். 20 மீட்டர் ஹெட் என்றால், உள்ளே என்ன இருக்கிறதோ அதை 20 மீட்டர் ஏற்றும் பலம். உள்ளே தண்ணீர் இருந்தால் 20 மீட்டர் தண்ணீர். காற்று இருந்தால் 20 மீட்டர் காற்று. தண்ணீரைவிடக் காற்று ஏறக்குறைய 800 மடங்கு லேசானது. 20 மீட்டர் காற்றின் எடை இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். காற்றால் நிரம்பிய பம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கிணற்றுத் தண்ணீர் குழாயில் ஒரு விரல் உயரம்கூட ஏறாது. ஆகவே உறிஞ்சும் குழாய் முழுவதும் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அதற்குத்தான் அடியில் ஃபுட் வால்வு: தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அதில் ஒரு சருகோ மண்ணோ சிக்கினால், ராத்திரி முழுதும் தண்ணீர் கசிந்து இறங்கி, காலையில் மோட்டார் காற்றைச் சுற்றும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஃபுட் வால்வைத்தான் பார்க்க வேண்டும். குழாயில் எங்காவது ஒரு ஜாயின்ட்டில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். அந்த ஓட்டையில் தண்ணீர் வெளியே சொட்டாது. ஓடும்போது காற்று உள்ளே போகும். வெளியில் ஈரம் தெரியாததால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். சோப்பு நுரையை ஜாயின்ட்டுகளில் தடவிவிட்டு மோட்டாரைப் போட்டால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும்.

வீட்டுக் கொல்லையில் இருந்த பழைய அடி பம்பும் இந்தக் குடும்பம்தான். அதன் சிலிண்டர் தரைக்கு மேலே இருக்கும். உள்ளே தோல் வாஷர். ஒரு நாள் அடிக்காமல் விட்டால் தோல் காய்ந்து சுருங்கி, ஓரத்தில் காற்று ஒழுகும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் தோல் ஊறி விரிந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். காற்று ஒழுகும் வழி அடைபடும். பிறகு நாலு அடி அடித்தால் தண்ணீர். நிலத்தடி நீர் 25 அடிக்குக் கீழே போனபோது சென்னையிலும் மற்ற ஊர்களிலும் அந்தப் பம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன.

தெருமுனையில் பஞ்சாயத்து போட்ட கைப்பம்பு மட்டும் 100 அடிக்குக் கீழிருந்து எப்படி எடுக்கிறது? அது வேறு பம்பு. 1970-களில் யூனிசெஃப் உதவியோடு இந்தியாவில் உருவாக்கப்பட்ட இந்தியா மார்க் 2. பார்ப்பதற்கு இரண்டும் கைப்பிடி வைத்த பம்புகள்தான். ஆனால் இதன் சிலிண்டர் தரைக்கு மேலே இல்லை. ஆழத்தில், தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதுவரை இறங்குகின்றன. கைப்பிடியை அழுத்தும்போது கம்பி பிஸ்டனைத் தூக்குகிறது. பிஸ்டன் தன்மேல் நிற்கும் தண்ணீரைத் தூக்குகிறது. இழுபடுவது இரும்புக் கம்பி. தண்ணீரோ அடியிலிருந்து தள்ளப்படுகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். 40 மீட்டர் ஆழமென்றால் பிஸ்டன்மேல் நிற்கும் தண்ணீரின் எடை ஏறக்குறைய 127 கிலோ. அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடிக்க முடிகிறதென்றால், அந்தக் கனமான நீண்ட கைப்பிடி பலத்தை ஏறக்குறைய 8 மடங்காக்கிக் கொடுப்பதால்தான். கம்பிகளின் எடையில் ஒரு பகுதியையும் கைப்பிடியின் கனமே தாங்கிக்கொள்கிறது. நம் நாட்டில் செய்த பொறியியல் வேலைகளில், பகட்டில்லாமல் இத்தனை பேருக்கு உதவியது இதைப் போல அதிகம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் கவலை ஏற்றமும் இதே வித்தைதான். மாடுகள் வடத்தை இழுக்கின்றன. சால் தண்ணீரை அடியிலிருந்து ஏந்தித் தூக்குகிறது. 34 அடி எல்லை அதற்குக் கிடையாது. வடம் தாங்கும் ஆழம் வரை சால் போகும். பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கவலை போய் மோட்டார் ஏறியபோது, மாடு எடுத்த ஆழத்தில் மின்சாரம் தடுமாறியது இதனால்தான். மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கினால்தான் தண்ணீருக்கும் அதற்கும் உள்ள தூரம் 25 அடிக்குள் வரும். மேலே தள்ளுவதற்கு எல்லை இல்லை. அதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். மேடைகளின் ரகசியம் அவ்வளவுதான்.

போர்வெல் வந்தபோது அந்த வழியும் அடைபட்டது. நாலரை அங்குலத் துளைக்குள் மேடை எங்கே கட்டுவது? மூன்று வழிகள் பிறந்தன. முதலாவது ஜெட். மோட்டார் மேலேயே இருக்கும். கீழே இரண்டு குழாய்கள் போகும். எடுத்த தண்ணீரில் ஒரு பகுதியை ஒரு குழாய் வழியே திரும்பக் கீழே அனுப்பி, ஒரு குறுகலான முனை வழியாகப் பீய்ச்சுகிறார்கள். வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். பக்கத்துத் தண்ணீர் அங்கே புகுந்து, அந்த ஓட்டத்தோடு சேர்ந்து இன்னொரு குழாயில் மேலே தள்ளப்படும். ஏற்றிய தண்ணீரையே சுற்றிச் சுற்றி விடுவதால் மின்சாரம் வீணாகும். இரண்டாவது, கம்ப்ரசர். காற்றை ஆழத்துக்கு அனுப்பிக் குழாய்க்குள் குமிழிகளாக விடுகிறார்கள். குமிழி கலந்த தண்ணீர் லேசாகிவிடும்; வெளியே நிற்கும் கனத்த தண்ணீர் அதை மேலே தள்ளும். குழாய் வாயில் தண்ணீர் சீராக விழாமல் தும்மித் தும்மி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் செலவு அதிகம். ஆனால் துளைக்குள் சுழலும் பாகமே கிடையாது, மணல் வந்தாலும் எதுவும் தேயாது.

மூன்றாவது, சப்மர்சிபிள். மோட்டாரையே தண்ணீருக்குள் அனுப்பிவிடுவது. இதில் முன்னோடி, அன்றைய ரஷ்யப் பேரரசின் டிஃப்லிஸ் நகரில் பிறந்த அருத்யூனோஃப். எண்ணெய்க் கிணறுகளுக்காக அவர் உருவாக்கிய மோட்டார் 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் வேலைக்கு வந்தது. தண்ணீருக்குள் கரண்ட் எப்படி என்று கேட்காதவர்கள் குறைவு. நம் ஊரில் செய்யும் பெரும்பாலான சப்மர்சிபிள்களில் மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பதே இல்லை. தொடங்கும்போதே உள்ளே சுத்தமான தண்ணீரை நிரப்பித்தான் இறக்குகிறார்கள். வைண்டிங் கம்பி ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் பேரிங்குக்கு மசகாகும். சுற்றிலும் ஓடும் தண்ணீர் சூட்டை எடுத்துப் போகும். அதனால்தான் போரில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓட்டினால் சப்மர்சிபிள் இவ்வளவு சீக்கிரம் எரிகிறது. குறுகிய துளைக்குள் பெரிய இம்பெல்லர் போட முடியாததால், சின்னச் சின்ன இம்பெல்லர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் சில மீட்டர் ஏற்றி அடுத்ததிடம் கொடுக்கும். கடையில் 15 ஸ்டேஜ், 20 ஸ்டேஜ் என்று சொல்வது இதைத்தான்.

மோட்டார் வாங்கும்போது பலரும் போர் எத்தனை அடி என்பதை மட்டும் சொல்கிறார்கள். 300 அடி போர் என்பது துளையின் ஆழம். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மோட்டார் ஓடும்போது எவ்வளவு இறங்குகிறது, சித்திரை வைகாசியில் எங்கே போகிறது, இவைதான் வேண்டிய எண்கள். 300 அடி போரில் தண்ணீர் 18 அடியில் நின்றால் தரைமேல் வைத்த சின்ன மோட்டாரே எடுக்கும். அதே போரில் கோடையில் மட்டம் 30 அடிக்கு இறங்கியதும் மோட்டார் "கெட்டுப்போகும்". அதற்காகப் புதிய மோட்டார் வாங்கிக் காசைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தண்ணீர் மேலே ஏறியாயிற்று, மொட்டைமாடி டேங்கில் நிற்கிறது. இனித் தள்ளுவது தண்ணீரின் சொந்த எடை. இங்கே ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது: பெரிய டேங்க் வைத்தால் ஃபோர்ஸ் கூடும். கூடாது. குழாயில் வரும் அழுத்தம், குழாய்க்கு மேல் தண்ணீர்மட்டம் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பதைப் பொறுத்ததல்ல. 1586-லேயே நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் இதை விளக்கி எழுதிவிட்டார். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ என்பது கணக்கு. மேல்மாடியில் ஷவர் தரையிலிருந்து 7 அடியில் இருக்கிறது. கூரைமேல் வைத்த டேங்கின் அடி 10 அடியில். நடுவே 3 அடி. நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தம். ஷவர் அழுது வடிவதில் வியப்பில்லை. டேங்கை நாலு அடி உயர்த்திக் கட்டினால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

உயர்த்த முடியாவிட்டால் குழாயையாவது அகலமாகப் போடலாம். தண்ணீர் ஓடும்போது உராய்வில் போகும் அழுத்தம் குழாய் குறுகக் குறுகப் பயங்கரமாக ஏறும். ஒரு அங்குலக் குழாயில் ஓடும் அதே அளவுத் தண்ணீரை அரை அங்குலக் குழாயில் அனுப்பினால் இழப்பு ஏறக்குறைய 32 மடங்கு. டேங்கிலிருந்து இறங்கும் பிரதானக் குழாயில் காசை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் தொடக்கத்தில் ஒரு ஒல்லிக் குழாய் டேங்குக்கு மேலே மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கென்று தெரியாமல் சிலர் அதை மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அது மூச்சுக் குழாய். டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது இறங்குகுழாயில் சிக்கிய காற்று அது வழியே வெளியேறும். இல்லாவிட்டால் குழாயின் மேடான வளைவுகளில் காற்று தங்கித் தண்ணீரை மறிக்கும். இன்னொரு காரணம் சுகாதாரம் சார்ந்தது. டேங்க் வால்வை மூடிவிட்டுக் கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தால், இறங்கும் தண்ணீருக்குப் பின்னால் வெற்றிடம் விழும். அந்த நேரம் மேல்மாடியில் ஒரு ஹோஸ் அழுக்குத் துணி ஊறும் வாளிக்குள் கிடந்து, அதன் குழாயும் திறந்திருந்தால், வெளிக்காற்று அந்த அழுக்குத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடும். மூச்சுக் குழாய் திறந்திருந்தால் அது வழியாகக் காற்று உள்ளே போய்விடும், அழுக்கு ஏறாது.

இவ்வளவும் சொன்ன பிறகு தென்னை மரத்தை நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் குழம்பிவிடும். 70 அடி உயரத்தில் காய் நிறையத் தண்ணீர். கலிபோர்னியாவின் ஹைப்பீரியன் என்னும் ரெட்வுட் மரம் ஏறக்குறைய 116 மீட்டர். 10.3 மீட்டரைப் போலப் பதினோரு மடங்கு. அடியில் மோட்டாரும் இல்லை, பிஸ்டனும் இல்லை. வேர் கொஞ்சம் தள்ளும். உயர்ந்த மரங்களுக்கு அது போதாது. நுண்குழாய்களில் தண்ணீர் தானாக ஏறுமே என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள குழாயில் அது ஓர் அடிதான் ஏறும்.

விடையை 1894-இல் டப்ளினில் டிக்ஸனும் ஜோலியும் சொன்னார்கள். மரத்தில் தண்ணீர் உண்மையிலேயே மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலைக்குள் செல் சுவர்களில் கண்ணுக்கே எட்டாத நுண்துளைகள் இருக்கின்றன. வெயிலில் அங்கிருந்து தண்ணீர் ஆவியாகும்போது, துளைகளில் நிற்கும் தண்ணீரின் பரப்பு உட்பக்கம் வளைந்து பின்னால் இருப்பதை இழுக்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு அடுத்ததைப் பிடித்திருக்க, அந்த இழுப்பு வேர்வரை இறங்குகிறது. கலிலியோ சொன்ன கயிறு இதுதான். தண்ணீர் கயிறாக முடியும். அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு வலுவான கயிறாக. நிபந்தனை ஒன்று: நடுவே ஒரு குமிழியும் தோன்றக் கூடாது. நம் இரும்புக் குழாயின் சொரசொரப்பில் ஒட்டியிருக்கும் காற்றும், தண்ணீரில் மிதக்கும் தூசும், குமிழி பிறக்க இடம் தந்துவிடுகின்றன, 10.3 மீட்டரிலேயே கயிறு அறுந்துவிடுகிறது. மரத்தின் குழல்கள் பிறக்கும்போதே தண்ணீரால் நிரம்பியவை. வேர் வழியாக வடிகட்டப்பட்ட தண்ணீர்தான் அதில் வருகிறது. ஒரு குழலில் குமிழி விழுந்தாலும் அது அடுத்த குழலுக்குப் பரவாதபடி இடையில் சல்லடைபோல் சவ்வுகள் இருக்கின்றன.

கடும் வறட்சியில் மரத்துக்குள்ளும் கயிறு அறுகிறது. 1966-இல் மில்பர்னும் ஜான்சனும் வாடும் ஆமணக்குச் செடியில் அந்த ஒலியைக் கருவி வைத்துக் கேட்டார்கள். குழலில் தண்ணீர் அறும் ஒவ்வொரு முறையும் ஒரு சொடுக்கு.

2008-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வீலரும் ஸ்ட்ரூக்கும் இதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். நுண்துளைகள் நிறைந்த ஹைட்ரோஜெல்லில் இலையும் வேரும் வைத்த ஒரு சின்னச் சில்லு. அதில் தண்ணீர் காற்றழுத்தத்தைப் போல் 10 மடங்குக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கிக்கொண்டு ஓடியது. ஓடிய அளவு மிகக் குறைவு. இதை வைத்து ஒரு குடம்கூட நிரப்ப முடியாது. ஆனால் அந்த ஆய்வின் தொடர்ச்சியாக மரத்தண்டுக்குள் பொருத்தும் நுண்கருவி ஒன்று வந்திருக்கிறது. தண்டுக்குள் தண்ணீர் எவ்வளவு விறைப்பாக இழுபடுகிறது என்பதை அது நாள் முழுதும் அளந்து அனுப்புகிறது. பாதாம், ஆப்பிள், திராட்சைத் தோட்டங்களில் அந்த அளவைப் பார்த்து எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்கிறார்கள். மண் மேலே காய்ந்திருக்கிறதே என்று மோட்டாரைப் போட வேண்டியதில்லை. மரம் சிரமப்பட்டு இழுக்கத் தொடங்கும்போது போட்டால் போதும்.